கோடை மழையில் நனைத்த முட்டைகள்

என் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், போர்வைகளுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் பையில் மீன் இருந்தது. தண்ணீர் கிடையாது. ஈரம் பிழிந்த தேங்காய் நார்த்தூளுக்குள் முட்டையாக இருந்தது. இதைச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் சிரிக்கிறார்கள். பத்தாவது ஆள் "கருவாடா?" என்று கேட்கிறான். இரண்டு வகையையும் எனக்குப் பிடிக்காது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரேசில் நாட்டில் வறண்ட காட்டுப் பகுதி ஒன்று உண்டு. வெயில் நம் திருச்சி வெயில்தான். மழை பெய்தால் அங்கே குட்டைகள் நிரம்பும், முட்டைகள் பொரியும். ஐந்தாறு வாரத்தில் குஞ்சு பெரிய மீனாகி, தினமும் ஆணும் பெண்ணுமாக அடிச்சேற்றுக்குள் தலைகீழாகப் பாய்ந்து முட்டையிடும். குட்டை வற்றும்போது மீனெல்லாம் செத்துவிடும். முட்டை மட்டும் காய்ந்த மண்ணுக்குள் அடுத்த மழைவரை உயிரோடு கிடக்கும். கில்லி மீன் என்று பெயர். வீட்டில் வளர்க்கிறவர்கள் சேற்றுக்குப் பதில் நார்த்தூள் போடுகிறோம். முட்டை விழுந்த நார்த்தூளைப் பிழிந்து பையில் கட்டி மாதக்கணக்கில் வைக்கிறோம். பிறகு தண்ணீர் ஊற்றுகிறோம். மழை வந்துவிட்டது என்று முட்டை நம்பிவிடும். அவ்வளவுதான் வித்தை.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது ஸ்ரீரங்கத்தில் ஒரு மருந்துக் கடையில். என் வீட்டுக்காரருக்கு ரத்தக் கொதிப்பு. டாக்டர் அங்கே இருக்கிறார், அதனால் மாத்திரையும் அங்கேயே வாங்குவோம். ஒரு நாள் கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வரிசையில் நிற்பது எனக்கு ஆகாது. எரிச்சலோடு பார்த்தபோது, மாத்திரை அடுக்குகளுக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் விரல் நீளத்துக்கு ஒரு மீன். உடம்பு பழுத்த நாவல்பழ நிறம். அதன்மேல் யாரோ ஊசியால் குத்திவைத்த மாதிரி நீலப் புள்ளிகள், வரிசை வரிசையாக, வால் நுனிவரைக்கும். அது இன்னொரு சாம்பல் நிற மீனின் முன்னால் நின்று துடுப்பை எல்லாம் விரித்து நடுங்கிக்கொண்டிருந்தது. கோபமா, ஆட்டமா, தெரியவில்லை. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் மருந்து வாங்கிக்கொண்டு போனதுகூடத் தெரியவில்லை.

"தம்பி, அது என்ன மீனு?"

கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே சொன்னார். "கில்லி மீன்க்கா. தென் அமெரிக்கா."

"என்ன விலை?"

"விக்கிறதுக்கு இல்லக்கா."

"விக்காததை எதுக்குக் கடையில வச்சிருக்கீங்க?"

"நான் பாக்கிறதுக்கு."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. ஊரில் மீன் விற்கிறவர்கள் மீனுக்கு ஊசிபோட்டுச் சாயம் ஏற்றி விற்கிறார்கள். இந்த ஆள் தான் பார்ப்பதற்காக ஒரு மீனை வைத்திருந்தார். நான்கு முறை போய் அரித்தெடுத்தேன். ஐந்தாவது முறை ஓர் ஆணையும் இரண்டு பெண்ணையும் பாலித்தீன் பையில் கட்டிக் கொடுத்தார். அரியமங்கலம் வரைக்கும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் குலுங்கியபோது டிரைவரைத் திட்டினேன்.

அந்த மூன்றும் என் வீட்டில் ஏழு மாதம் இருந்தன. நிறைய முட்டையிட்டன. பிறகு வயதாகி ஒவ்வொன்றாகச் செத்தன. அவற்றின் ஆயுளே அவ்வளவுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. முட்டை பையில் இருந்தது. கடைக்காரரிடமும் ஒரு பை இருந்தது. பங்குனியில் அவர் தன் பையைப் பிரித்துப் பார்த்தார். ஈரம் கூடிப்போய் உள்ளே முழுக்க வெள்ளைப் பூஞ்சை. அவருக்கு முதலில் தபாலில் முட்டை அனுப்பிய வெளிநாட்டுக்காரர் மீன் வளர்ப்பையே விட்டுவிட்டார். தெரிந்த இடத்தில் எல்லாம் கேட்டார், யாரிடமும் அந்த வகை இல்லை. அந்த மீன் பிடிபட்ட குட்டையின் மேல் இப்போது ரோடு போகிறதாம்.

கடைசியில் எனக்குப் போன் பண்ணினார். சுற்றிவளைக்கவில்லை.

"அக்கா, உங்க பை ஒண்ணுதான் இருக்கு இப்ப. நல்லாப் பாத்துக்குங்க. ஆனி பொறக்கிற வரைக்கும் அதைத் தொடாதீங்க."

"தொட மாட்டேன்."

"உங்களுக்குப் பொறுமை இல்லக்கா. அதான் சொல்றேன்."

"தொட மாட்டேன்னு சொன்னா தொட மாட்டேன். போனை வைங்க."

வைகாசி தொடங்கி இரண்டாம் நாள் தொட்டேன்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. பாத்திரத்தில் கொதிக்கவைத்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை படியும். இந்த மீனுக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. கேன் தண்ணீரை வாங்கி அதில் கொஞ்சம் இதில் கொஞ்சம் கலந்துதான் ஏழு மாதம் ஓட்டினேன். இந்த மீனை வைத்திருப்பவர்களுக்கு மழைத் தண்ணீர் என்றால் தங்கம் மாதிரி. திருச்சியில் அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாலு மணிக்கு வானம் கறுத்தது. புழுதிக் காற்று அடித்தது. மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். என் மண்டையில் விழுந்த முதல் துளி கோலிக்குண்டு கனம். அடுத்த நிமிஷம் கொட்டியது. கோடை மழை இப்படிக் கொட்டி நான் பார்த்து வருஷமாகிறது. துணியை விட்டுவிட்டேன்.

"ஏங்க! அண்டாவைத் தூக்கிட்டு வாங்க! குடம், பக்கெட், எல்லாத்தையும் தூக்கிட்டு வாங்க!"

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். எதற்கும் அவசரப்படாத மனிதர். அன்றைக்கு அவர்கூட ஓடிவந்தார். முதல் பத்து நிமிஷத் தண்ணீரில் மாடிப் புழுதி இருக்கும் என்று கொட்டிவிட்டு, அப்புறம் பிடித்தோம். ஆறு குடம், ஓர் அண்டா, மூன்று பக்கெட். தொப்பலாக நனைந்து நின்று அதைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரித் தண்ணீர். விரலை விட்டால் சில்லென்று இருந்தது. பிரேசில் குட்டையில் இதுதான் விழும். இதே குளிர்ச்சி, இதே மென்மை. எனக்குள் ஏதோ பிய்த்துக்கொண்டது.

பையை எடுத்தேன். நான் அரியமங்கலத்தில் ஒரு தொழிற்கூடத்தில் வெல்டிங் ஜாயிண்ட் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் தேர்வு செய்யும் வேலையில் இருக்கிறேன். என்னிடம் நல்ல பூதக்கண்ணாடி ஒன்று உண்டு. நார்த்தூளில் ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டுப் பார்த்தேன். முட்டை கடுகை விடக் கொஞ்சம் சின்னது, கண்ணாடி மணி மாதிரி இருக்கும். உள்ளே குஞ்சின் கண்ணைச் சுற்றித் தங்க வளையம் தெரிந்தால் அது பொரியத் தயார். பத்து முட்டை பார்த்தேன். இரண்டில் வளையம் இருந்தது.

பத்துக்கு இரண்டு. என் வேலையிடத்தில் பத்து ஜாயிண்டுக்கு இரண்டுதான் சரியாக இருக்கிறது, மொத்தச் சரக்கையும் அனுப்பட்டுமா என்று எவனாவது கேட்டால் அவன் மூஞ்சியில் காறித் துப்பாத குறையாகப் பேசுவேன். பேசியிருக்கிறேன். அன்றைக்கு நான் அந்த எட்டைப் பார்க்கவில்லை. இரண்டைத்தான் பார்த்தேன்.

பையைத் தொட்டிக்குள் கவிழ்த்து மழைத் தண்ணீரை ஊற்றினேன்.

மறுநாள் காலையில் ஆறு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது தொட்டிக்குள் உயிர் இருந்தது! கண் மட்டும் பெரிதாக, உடம்பு நூல் மாதிரி. கத்தினேன். என் வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நுரையோடு ஓடிவந்தார். இருவரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். ஐந்து மாதம் அலமாரியில் போர்வைக்குப் பின்னால் கிடந்த தூள், இப்போது துள்ளுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இந்த ஆச்சரியம் அடங்காது.

அப்புறம்தான் கவனித்தேன். ஐந்துதான் நீந்தின. மற்றதெல்லாம் அடியில் கிடந்தன. நீந்தப் பார்க்கும், ஒரு அங்குலம் எழும்பும், விழும். வயிற்றால் சறுக்கிக்கொண்டே போகும். குஞ்சு முட்டைக்குள் முழுதாக விளையும் முன் தண்ணீர் ஊற்றினால் இப்படித்தான் வரும். உள்ளே இருக்கும் காற்றுப்பையில் காற்று நிரம்பாது. சாகிறவரைக்கும் நீந்தாது. மீன் வளர்க்கிறவர்கள் இதைச் சறுக்கல் என்று சொல்வோம்.

போன் பண்ணாமல் இருக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அது அசிங்கம். பண்ணினேன்.

"தம்பி, தண்ணி ஊத்திட்டேன்."

எதிர்முனையில், கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது கேட்டது.

"மழை பெஞ்சுதுங்க. நல்ல தண்ணி. அதான்."

"மழை இங்கயும்தான்க்கா பெஞ்சுது." பிறகு, "மேல எத்தனை நீந்துது?"

"அஞ்சு."

"கீழ?"

"முப்பது இருக்கும்."

"முப்பதா?"

"என்னை நல்லாத் திட்டிடுங்க தம்பி. திட்டாம இருந்தா எனக்கு வேலையே ஓடாது."

"திட்டி என்ன ஆகப்போவுது. கீழ இருக்கிறதை எடுத்துக் கொட்டிடுங்க. அதுக்குத் தீனி போட்டா தண்ணி கெடும், மேல இருக்கிறதும் போயிடும். தூளை மறுபடி காயவச்சு ஒரு மாசம் கழிச்சு ஊத்திப் பாருங்க." பிறகு கொஞ்சம் சத்தமாக, "அந்த அஞ்சையாவது காப்பாத்துங்கக்கா. ஒரு பொண்ணு இருந்தாப் போதும்."

மறுபடி காயவைத்து ஊற்றியதில் ஒன்றும் வரவில்லை. நாற்றம்தான் வந்தது. ஆக, ஐந்து மீன். அதில் ஒரு பெண் வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கும் எனக்கும் இந்த மீன் இல்லை, இனி வராது. என் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொறுமைக்கேடு. அவ்வளவுதான்.

போன் பேசிய அன்றைக்கே சறுக்கல்களை நானே கரண்டியால் எடுத்தேன். வேலையிடத்தில் ரிஜெக்ட் போடுவது எனக்குக் கை வந்தது, ஆனால் இரும்பு துள்ளாது. முடித்து நிமிர்ந்தால் என் வீட்டுக்காரர் கையில் ஒரு டப்பா. தோசைமாவு வைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப்பா. அதில் ஓர் அங்குலம் தண்ணீர். அதில் ஒரு சறுக்கல்.

"அதை எதுக்கு எடுத்தீங்க?"

"இது சாப்பிடுதும்மா. பாரு, வயித்தைப் பாரு."

குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியா என்று ஒரு பொடி இறாலைப் பொரிக்கவைத்துப் போடுவோம். அதைத் தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரியும். இதன் வயிறு ஆரஞ்சாக உப்பியிருந்தது. நீந்தத் தெரியாது, தின்னத் தெரிகிறது.

"அது தேறாது. கொட்டுங்க."

"இது நீ ரிஜெக்ட் பண்ணது. ஸ்கிராப்புல இருந்து நான் எடுத்துக்கிறேன். உனக்கு என்ன நஷ்டம்?"

"வேலை இல்லாத மனுஷன் பண்ற வேலை."

"ஆமா. வேலை இல்ல. அதான் பண்றேன்."

அந்த டப்பா சமையலறை ஜன்னலோரம் போய் உட்கார்ந்தது. தினமும் காலையில் சொட்டுக்குழாயால் அதற்குத் தீனி போடுவார், அழுக்கை உறிஞ்சி எடுப்பார், அதோடு பேசுவார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ஐந்துதான் கணக்கு.

அந்த ஐந்தும் வளர்ந்த வேகம் இருக்கிறதே! காலையில் ஓர் அளவு, வேலை முடிந்து வந்து பார்த்தால் இன்னோர் அளவு. இரண்டாம் வாரத்தில் கொசுப்புழு தின்றன. நான் மாடியில் ஒரு வாளியில் கொசுப்புழு வளர்த்து, தினமும் காலையில் வலைபோட்டு ஒன்றுவிடாமல் வடித்துவிடுவேன். "ஊரே கொசுவை ஒழிக்குது, இவ பண்ணை வச்சிருக்கா" என்று என் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஞாயிறு தோறும் கடைக்காரர் மதியம் கடையை அடைத்துவிட்டு ஸ்கூட்டரில் வந்துவிடுவார். மோர் குடித்துவிட்டுத் தொட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்காருவார். ஆணுக்குத்தான் நிறம் வரும். பெண் கடைசிவரை சாம்பலும் பழுப்புமாகத்தான் இருக்கும். அதனால் எங்களுக்கு நிறம் வரக்கூடாது என்று வேண்டுதல். உலகத்தில் மீன் வளர்க்கிறவன் எல்லாம் நிறம் வரட்டும் என்று காத்திருப்பான். நாங்கள் இருவரும் வந்துவிடாதே, வந்துவிடாதே என்று கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

நாலாவது வாரம் பெரியதன் வாலில் முதல் நீலப் புள்ளி வந்தது. "ஒண்ணு ஆண்" என்றார். சரி, ஆணும் வேண்டும்தானே. சந்தோஷப்பட்டோம். நாலு நாளில் இன்னொன்று. ஐந்தாம் வாரம் ஒரே நாளில் இரண்டு. நாலும் துடுப்பை விரித்துக்கொண்டு ஒன்றை ஒன்று முறைத்தன. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. எனக்கு அவற்றைப் பிடித்து அறையலாம் போல இருந்தது.

ஐந்தாவது சின்னது. ஓரமாக நிற்கும், மங்கலாக இருக்கும். மற்ற நாலும் துரத்தும்.

"இது பொண்ணுதான் அக்கா. கண்டிப்பா. பாருங்க எவ்ளோ அடக்கமா நிக்குது."

"அடக்கமா நின்னா பொண்ணா? அப்ப நான் யாரு?"

"நீங்க விதிவிலக்கு."

ஆறாம் வாரமும் அது மங்கலாகவே இருந்தது. நான் மற்ற நாலையும் வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, அதற்குத் தனியாகப் புழு போட்டேன். வேலையிடத்திலிருந்து மதியம் வீட்டுக்குப் போன் பண்ணி, "நிறம் வந்துச்சா?" என்று கேட்பேன். ஏழாம் வாரம் ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து செருப்பைக் கழற்றாமல் போய்ப் பார்த்தேன். வால் அடியில் ஒரு நீலப் புள்ளி. மிரட்ட யாரும் இல்லாததால் அடக்கி வைத்திருந்த நிறத்தை அது வெளியே விட்டுவிட்டது.

ஐந்தும் ஆண்.

கடைக்காரருக்கு ஒரே வரிதான் அனுப்பினேன். நான் கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். யார்மேல் கோபப்படுவது? மழை மேலா? என் வீட்டுக்காரர் காபி கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்கவில்லை. அவர் தன் டப்பாவைத் துடைக்கப் போனார். ஜன்னலோரத்திலிருந்து அவர் குரல் கேட்டது.

"உனக்குக் கலர் வரலைன்னா என்னடா. உனக்குப் பசி வருதுல்ல. அது போதும்."

நான் எழுந்தேன்.

"என்ன சொன்னீங்க?"

"உன்கிட்டே இல்ல. இவன்கிட்டே."

"கலர் வரலைன்னு சொன்னீங்களா?"

"வரலையே. சப்பையாத்தான் இருக்கான்."

டப்பாவைப் பிடுங்கினேன். தண்ணீர் தளும்பி அவர் லுங்கியில் கொட்டியது. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். ஏழு வாரமாக நான் ஒருமுறைகூட ஒழுங்காகப் பார்க்காத மீன். மற்ற ஐந்தில் பாதி நீளம்தான். முதுகு கொஞ்சம் வளைவு. சாம்பல் உடம்பில் அங்கங்கே பழுப்புத் தீற்றல். ஒரு நீலப் புள்ளி கிடையாது. வயிறு உருண்டு இருந்தது. தின்றதால் உருண்ட வயிறு முன்பக்கம் இருக்கும். இது பின்பக்கம், வால் பக்கமாக உருண்டிருந்தது. மெல்லிய தோலுக்குள் மணிமணியாக ஏதோ தெரிந்தது.

"பொண்ணுங்க! இது பொண்ணு! உங்க தடிப்பயலு பொண்ணு!"

"என்னது?"

"வயித்துல முட்டைங்க!"

என் வீட்டுக்காரர் ஈர லுங்கியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அப்ப நான் டா போட்டுப் பேசினது தப்பு" என்றார்.

நான் போன் பண்ணியதும் கடைக்காரர் கடையைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு அரைமணியில் அரியமங்கலம் வந்தார். எந்த வழியில் வந்தார் என்று நான் கேட்கவில்லை. டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி டப்பாவைப் பார்த்தார்.

"கொட்டச் சொன்னேனே அக்கா."

"நான் கொட்டிட்டேன். இந்த மனுஷன்தான் கொட்டல."

"இது நீந்தாதே. எப்படி முட்டை போடும்?" கேட்டுவிட்டு அவரே கைகளைத் தேய்த்தார். அவருக்குக் கண் மின்னியது. "குஞ்சும் இதே மாதிரி வருமோ?"

"ஏன் வரும்? இது பரம்பரைக் கோளாறா? நான் அவசரப்பட்ட கோளாறு."

வழக்கமாக நாங்கள் உயரமான ஒரு ஜாடியில் நாலங்குலம் நார்த்தூள் போட்டுத் தொட்டிக்குள் வைப்போம். ஜாடியின் வாய்க்கு நீந்தி ஏறி உள்ளே பாய்ந்து முட்டையிடும். இதனால் ஏற முடியாது. ஆக, ஜாடி வேண்டாம் என்று முடிவு பண்ணினேன். தொட்டியின் தரை முழுக்க நாலங்குலம் நார்த்தூளைப் பரப்பி, அதற்கு மேல் மூன்றங்குலம் மட்டும் மழைத் தண்ணீர் விட்டோம். இனி அது எங்கே சறுக்கினாலும் நார்த்தூள் மேல்தான் சறுக்கும்.

பெரிய ஆணை முதலில் விட்டது என் தப்பு. அது வந்த வேகத்தில் பெண்ணை ஒரு இடி இடித்து மூலைக்குத் தள்ளியது. என் வீட்டுக்காரர் "ஏய்!" என்று கத்திக்கொண்டு கையை விட்டு அதைப் பிடித்துவிட்டார். வலைகூட எடுக்கவில்லை. அடுத்து எதை விடுவது என்று சண்டை. கடைக்காரர் நிறம் நல்ல மீனைக் காட்டினார். நான் அந்த ஐந்தாவதை, நாலு பேரிடமும் அடிவாங்கி ஓரம் நின்ற சின்னதைத்தான் விடவேண்டும் என்றேன். என் வீடு, என் தொட்டி. விட்டேன்.

அது பத்து நிமிஷம் எதுவும் பண்ணவில்லை. பிறகு மெதுவாக அவள் பக்கம் வந்தது. துடுப்புகள் ஒவ்வொன்றாக விரிந்தன. ஒரு நாள் பூராவும் விசிறிக்கொண்டே இருக்கப்போகிற மாதிரி விரிந்தன. உடம்பெல்லாம் கறுத்து, நீலப் புள்ளிகள் மட்டும் எரிந்தன. நடுங்கியது. அவள் அடியில் கிடந்து பார்த்தாள். அது கீழே இறங்கி, தலையைச் சாய்த்து, நார்த்தூளைக் காட்டியது. ஆமாம், காட்டியது என்றுதான் சொல்வேன். இங்கே, இங்கே வா என்று. அவள் சறுக்கிக்கொண்டு போனாள். எழும்ப முயற்சி பண்ணவே இல்லை. அவள் இருக்கவேண்டிய இடம் அடிதான், அங்கேயேதான் இருந்தாள். ஆண் அவள் மேல் பக்கவாட்டில் ஒட்டியது. இரண்டும் தலைகீழாகத் தூளுக்குள் போயின. வால்கள் மறைந்தன. மேலே கொஞ்சம் புகை மாதிரித் தூசு.

"போயிடுச்சு!" கடைக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அக்கா! போயிடுச்சு!"

"எனக்குக் கண்ணு இருக்கு!"

"வெளிய வருமா?" என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் குரலைக் கேட்டதும் எனக்கே பயம் வந்தது. எண்ணினேன். பதினொன்று, பன்னிரண்டு. ஆண் வந்தது. அவள் வரவில்லை. பதினேழு, பதினெட்டு. என் வீட்டுக்காரர் சட்டைக் கையைச் சுருட்டினார். இருபதில் தூள் அசைந்தது. அவள் மூக்கு வெளியே வந்தது, பிறகு உடம்பு. ஒரு சிறு துண்டு நார் தலைமேல் ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஆணின் பக்கம் சறுக்கினாள்.

நாங்கள் கத்திய கத்தலில் மாடிவீட்டு அம்மா கீழே வந்து யாருக்கு என்ன என்று கேட்டார்கள். மீன் என்றோம். தலையில் அடித்துக்கொண்டு போனார்கள்.

அவள் தினமும் போனாள். பத்து நாள் விட்டுவைத்தேன். நான் விட்டுவைத்தேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் வந்த பிறகுதான் தூளை எடுத்தோம். மெல்லப் பிழிந்து செய்தித்தாளில் பரப்பி, ஜன்னலடியில் மூன்று பேரும் மண்டியிட்டோம். பூதக்கண்ணாடி என்னிடம் ஒன்று, அவரிடம் ஒன்று. என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியோடு.

முதல் பிடியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது பிடியை ஊக்கால் பிரித்தேன். ஒன்று இருந்தது. வெள்ளையாக. வெள்ளை என்றால் செத்தது. இன்னும் பிரித்தேன். பக்கத்திலேயே இன்னொன்று, வெளிச்சம் பட்டதும் பளிச்சென்றது. ஊடுருவித் தெரிந்தது. துளி மாசு இல்லை.

"நல்லது" என்றேன். என் வாயில் அந்த வார்த்தை வருவது அபூர்வம்.

"இங்க ரெண்டு" என்றார் கடைக்காரர்.

"இதுவா? இது முட்டையா மண்ணா?" என் வீட்டுக்காரர் விரலைக் கொண்டுவந்தார்.

"கையை எடுங்க! முட்டைதான்! நசுக்கிடாதீங்க!"

தாள் முழுக்கப் பார்த்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. கழுத்து பிடித்துக்கொண்டது. நல்ல முட்டை இருபத்து மூன்று. அவள் அளவுக்கு அது அதிகம். நான் மூன்று முறை எண்ணினேன், மூன்று முறையும் இருபத்து மூன்று.

இரண்டு பையாகக் கட்டினோம். ஒரு பையில் பன்னிரண்டு, இன்னொன்றில் பதினொன்று. பன்னிரண்டு இருந்த பையை நான் எடுத்தேன். கடைக்காரர் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"ரெண்டும் என்கிட்டேயே இருக்கட்டும்க்கா."

"ஏன்?"

"ஏன்னு உங்களுக்குத் தெரியும்."

"உங்க பையிலதான் பூஞ்சை வந்துச்சு!"

இது உண்மை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். என் வீட்டுக்காரர் நடுவில் வந்து இரண்டையும் வாங்கினார். தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, இரண்டின் மேலும் தேதியை எழுதினார். ஒன்றைக் கடைக்காரரிடம் கொடுத்தார். மற்றதைத் தன் ரயில்வே இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டார்.

"மழை வந்தா?" என்றேன்.

"வரட்டும்" என்றார். "அண்டாவுல புடிச்சு வை."

அவருக்கு என்மேல் நம்பிக்கை இல்லை, சரிதான். நான் அதற்கு மேல் சண்டை போடவில்லை. நேரம் இல்லை. புதுத் தூளைக் கொதிக்கவைத்து ஆறவைத்திருந்தேன். அதைப் பரப்பி, தண்ணீர் விட்டு, அவளை இறக்கினேன். ஆண் உடனே வந்துவிட்டது. அவள் நிற்கவில்லை, நேராகச் சறுக்கிப் போய்த் தலையை உள்ளே விட்டாள். நான் எண்ண ஆரம்பித்தேன்.